வாளை வாயில் மூன்று பற்கள்

பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்பக்கம், கழிவறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் ஓர் அறை உண்டு. ஒற்றை ஜன்னல், ஒரு நீள மேசை. மேசை முழுக்க யார் யாருடைய வாயோ பிளாஸ்டரில் வார்த்தெடுக்கப்பட்டு வெள்ளை வெள்ளையாகத் திறந்து கிடக்கும். அந்த அறையில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்து பல்செட் செய்கிறவளைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கம்பி அக்கா என்று கேட்டால் வாட்ச்மேனே கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிடுவார்.

டாக்டர் முன் அறையில் உட்கார்ந்து வாயைப் பார்ப்பார். போர்டில் பெயரும் அவருடையதுதான். ஆனால் இரண்டு பல், மூன்று பல் மட்டும் போனவர்களுக்கு ரோஸ் நிறத்தில் ஒரு சின்ன ப்ளேட் செய்து, அதன் ஓரங்களில் கம்பிக் கொக்கி வைத்து, அது பக்கத்துப் பல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி செய்வது இவள். கம்பி தளர்ந்தால் பேசும்போது பல் ஆடும். இறுகினால் நன்றாக இருக்கும் பல்லையும் கெடுத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் மயிரிழை அளவு ஓர் இடம் இருக்கிறது. அந்த இடம் அவள் குறட்டுக்குத் தெரியும். ப்ளேட்டைக் கையில் கொடுக்கும்போது எல்லோரிடமும் ஒரே பாட்டுத்தான் பாடுவாள்.

"சாப்பிடலாம், பேசலாம், தும்மலாம், என்ன வேணா செய்யுங்க. வாயைப் பொளந்து கத்த மட்டும் கத்தாதீங்க. கழண்டு விழுந்தா அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

யாராவது, "அழுதா விழுமா அக்கா?" என்று கேட்டுவிட்டால் போதும், கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவாள். அவளுடைய கம்பி வாழ்நாளில் ஒரே ஒரு தடவை தோற்றது. அந்தக் கதையைத் தோல்விக் கதை மாதிரியா சொல்வாள்? மெடல் வாங்கிய கதை மாதிரி சொல்வாள்.

அதற்கு முன் அவள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கரண்ட் மீட்டர் பார்க்கிற வேலை அவருக்கு. ஊர் அவருக்கு வைத்த பெயரும் மீட்டர்தான். வீடு வீடாகப் போவதால் வாய் ஓயாது. பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் அவர் சொன்னால் பூனை குறுக்கே போனதுகூடப் புலி போன மாதிரி இருக்கும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஏணியிலிருந்து விழுந்து மேல்வரிசையில் மூன்று பல்லை உடைத்துக்கொண்டு இதே கிளினிக்குக்கு வந்தார். பழைய போட்டோ ஒன்று கேட்டு வாங்கி அவள் பார்த்தாள். முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் லேசாகச் சாய்ந்து ஏறியிருந்தது. நேராக வை என்றார் டாக்டர். அவள் கேட்கவில்லை. சாய்ந்த பல்லைச் சாய்ந்தபடியே வைத்தாள். கண்ணாடியில் பார்த்தவர் கொஞ்ச நேரம் வாயே திறக்காமல் இருந்தார். மீட்டர் வாயை மூடியிருந்தது அன்றைக்கு ஒருநாள்தான் என்பார்கள். அடுத்த வருஷம் கல்யாணம் ஆயிற்று. அதன் பிறகு ப்ளேட் தேயத் தேயப் புதிது செய்தாள். எல்லாவற்றிலும் அதே கோணல் பல்.

பிள்ளைகள் இல்லை. ஏன் இல்லை என்று கேட்கிறவர்கள் கேட்டு அலுத்து ஓய்ந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் தூண்டிலைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். அவருக்குப் பொறுமை கிடையாது. பத்து நிமிஷத்துக்கு ஓர் இடம் மாறுவார். இவள் பாழடைந்த பம்ப் ஹவுஸின் படிக்கட்டில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

இனி மெடல் கதை. போன வருஷம் அவள் வயிற்றில் ஒரு கட்டி. அது எந்த மாதிரிக் கட்டி என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் கையைப் பிடித்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உள்ள நான் என்ன ஆவேன்னு தெரியாது. நீங்க இந்தக் கதவை விட்டு நகரக் கூடாது. நீங்க வெளிய இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டுத்தான் நான் கண்ணை மூடப் போறேன்."

"பைத்தியமா நீ? நான் எங்க போகப் போறேன்? இதே பெஞ்சுதான்," என்றார்.

நாலரை மணி நேரம் ஆயிற்று. சாதாரணக் கட்டிதான். அவள் கண் விழித்தபோது முதலில் தெரிந்தது அவருடைய முகம். அதில் மேல்வரிசையில் மூன்று பல்லைக் காணோம். காற்று ஒழுகும் வாயால் அவர் சொன்னார்: பெஞ்சில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதாராம், முகம் கழுவலாம் என்று வராந்தா வாஷ்பேசினில் குனிந்தாராம், அடிவயிற்றிலிருந்து தேம்பல் ஒன்று வந்ததாம், ப்ளேட் கழன்று சாக்கடைக் குழாய்க்குள் போய்விட்டதாம்.

தையல் போட்ட வயிற்றோடு சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மாதம் எழுந்து உட்கார்ந்தாள், நடந்தாள், சாப்பிட்டாள். அழுதால் உதடு இறுகும், தாடை இறங்காது, ப்ளேட் கழல வழியே இல்லை என்று அவளுடைய தொழிலுக்குத் தெரியும். தொழிலின் வாயை அவளே பொத்திவிட்டாள். கம்பியை நான்தான் அந்தத் தடவை சரியாக வளைக்கவில்லை என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். புதுப் ப்ளேட் செய்தபோது கம்பியை ஒரு பிடி கூடுதலாகவே முறுக்கினாள்.

"என் கம்பியைக் கழட்டணும்னா ஒரு மனுஷன் பொண்டாட்டிக்காக அப்படி அழணும்," என்று பின் அறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். மீட்டர் வழக்கம்போல ஆற்றோரமாக மேலே நடந்து போய்விட்டார். அவள் படிக்கட்டில் இருந்தாள். தக்கை இரண்டு தடவை துள்ளி முங்கியது. இழுத்தாள். கையளவுக் கெண்டை. வெள்ளையாகப் புரண்டு புரண்டு வந்தது. கரைக்கு இரண்டு முழம் இருக்கும்போது அதன் அடியில் தண்ணீர் கறுத்தது. மரக்கட்டை ஒன்று மிதந்து வருகிறது என்று நினைத்தாள். மரக்கட்டை வாயைத் திறந்தது.

கெண்டையைக் காணோம். கையிலிருந்த தூண்டில் கழி வில்லாக வளைந்தது. வாளை! செதில் இல்லாத வழவழப்பான உடம்பு, கண்ணையும் தாண்டிக் கிழிந்த வாய், இரண்டு பக்கமும் நீள மீசை. மீன் தின்னும் மீன். ஆற்றில் அதைக் கண்டால் மற்ற மீனெல்லாம் தலைதெறிக்க ஓடும். தூண்டில் முள் அதன் வாயில் ஏறவில்லை. விட்டால் போய்விடலாம். ஆனால் வாய்க்குள் வந்த கெண்டையை விட அதற்கு மனசு வரவில்லை. அவளுக்கும் கழியை விட மனசு வரவில்லை. பெரிய மீனை அவசரப்படுத்தக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். அது இழுத்தபோது தூண்டில் நரம்பை விட்டுக் கொடுத்தாள், அது நின்றபோது இழுத்துச் சுருட்டினாள். முழங்கால் தண்ணீரில் இறங்கி, கடைசிப் படியில் அது தலையை வைத்த நொடியில் புடவையோடு அதன் மேல் விழுந்து, செவுளில் கை கொடுத்து மேலே இழுத்துப் போட்டாள். எட்டுக் கிலோவுக்குக் குறையாது. தையல் போட்ட இடம் சுரீர் என்றது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"என்னங்க! ஓடி வாங்க!" என்று கத்தினாள். தூரத்தில் அவர் திரும்புவது தெரிந்தது.

மீன் அடங்கியதும் கெண்டையையும் முள்ளையும் எடுக்க அதன் வாயைத் திறந்தாள். முள் எடுக்க அவள் கொண்டுவருவது பின் அறையில் கம்பி வளைக்கிற பழைய குறடு. உள்ளே ஊசி ஊசியாகப் பல் வரிசை. கெண்டையை உருவி எடுத்தாள். அதற்குப் பின்னால், தொண்டை செவுளோடு சேருகிற இடத்தில், வேறு வரிசையில் மூன்று பல் தெரிந்தது.

மனுஷப் பல்.

அவள் அலறவில்லை. பிளாஸ்டர் வாய்களோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்துகிறவள். யாருடையது என்றுதான் முதலில் தோன்றியது. ரோஸ் நிறம் பழுத்துப் பாசி ஏறியிருந்தது. ஒரு பக்கக் கம்பி மீனின் சதைக்குள் புதைந்து, சதை அதன் மேல் வளர்ந்து மூடியிருந்தது. கத்தியால் கீறிக் குறட்டால் பிடித்து இழுத்தாள். எளிதில் வரவில்லை. கம்பியின் வளைவு அவளுடைய கைவேலைதான். வேறு யார் செய்த கம்பியாவது இத்தனை நாள் நிற்குமா என்று அந்த நேரத்திலும் ஒரு கர்வம் எட்டிப் பார்த்தது. தண்ணீரில் அலசித் திருப்பினாள்.

முன்பல் பக்கத்துப் பல்லின் மேல் லேசாகச் சாய்ந்து ஏறியிருந்தது.

ஆஸ்பத்திரிச் சாக்கடை ஆற்றில்தானே கலக்கும் என்று மனசு அவசர அவசரமாக ஒரு காரணத்தைத் தேடிக் கொண்டுவந்து நீட்டியது. கலக்காது. ஆஸ்பத்திரி ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கிறது. அங்கிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிஷம் மேலே வந்தால்தான் இந்தப் படிக்கட்டு. ஸ்கூட்டரில் தூண்டில் எப்போதும் கட்டியே இருக்கும். ப்ளேட்டை ஈரக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மீட்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார். மீனைப் பார்த்ததும் குதித்தார்.

"வாடி என் ராசாத்தி!" என்று மீனைப் பார்த்துக் கூவினார். கூவும்போது ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தண்ணீர் ஓரத்தில் சந்தோஷம் வந்தால் வாயைப் பொத்துவது ஒரு வருஷமாக அவருக்கு வந்திருக்கிற பழக்கம். வயசானால் வெட்கமும் சேர்ந்து வரும் போல என்று அவள் கேலிகூடச் செய்திருக்கிறாள். இன்றைக்குத்தான் அந்தக் கையைப் பார்த்தாள்.

"ஏம்மா, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு? பயந்துட்டியா?"

"ஆமாங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்து அவர்தான் மீனை வெட்டினார். அவள் வறுத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தங்கச்சியைக் கூப்பிட்டாள். வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். நூலகத்தில் வேலை. அதிகம் பேச மாட்டாள். ஆபரேஷன் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த இன்னோர் ஆள் அவள்தான்.

தட்டுகளை வைத்துவிட்டுக் கம்பி அக்கா உட்கார்ந்தாள். அவளுக்குப் பசி இல்லை. தெரிந்தேதான் கேட்டாள், ஆனாலும் அவர் வேறு ஏதாவது சொல்லிவிட மாட்டாரா என்று உள்ளே ஒரு நப்பாசை கிடந்து துடித்தது.

"என்னங்க, அந்த ஆஸ்பத்திரிக் கதையை ஒரு தடவை சொல்லுங்களேன். கேட்கணும் போல இருக்கு."

மீட்டருக்குச் சொல்லித் தர வேண்டுமா? கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். பெஞ்சு வந்தது, கதவுக்கு மேலே எரிந்த சிவப்பு விளக்கு வந்தது. வாஷ்பேசினில் இருந்த விரிசல்கூட வந்தது. போன தடவை அந்த விரிசல் இல்லை.

"சின்னவளே, நீயே சொல்லு. நான் அழுத அழுகையில கைக்குட்டை நனைஞ்சு, நீதானே உன்னோடதைக் குடுத்த?"

சின்னவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஆமா மாமா," என்றாள்.

அந்த 'ஆமா'வைக் கம்பி அக்கா எதிர்பார்க்கவில்லை. ஒரு ஆள் ஏமாற்றினார் என்றுதான் காலையிலிருந்து நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் சேர்ந்து இத்தனை நாள் காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள். இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து, ப்ளேட்டைத் தண்ணீர் டம்ளருக்குள் போட்டு, மேசை நடுவில் வைத்தாள்.

"இது இந்த மீனோட தொண்டையில இருந்துச்சு."

மீட்டர் டம்ளரைப் பார்த்தார். வாயில் இருந்த மீனை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. டம்ளருக்குள் அவருடைய சிரிப்பு அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"உட்கார முடியலம்மா," என்றார் கடைசியில். "அந்த விளக்கையே பார்த்துக்கிட்டு... மூச்சு முட்டுச்சு. அஞ்சு நிமிஷம் காத்து வாங்கிட்டு வந்துடலாம்னு வெளிய வந்தேன். ஸ்கூட்டர் கிட்ட வந்ததும்..."

"கம்பி நீட்டிட்டீங்க."

"கையும் காலும் நடுங்குச்சும்மா. தூண்டிலைப் பிடிச்சாத்தான் நடுக்கம் நிக்கும்னு..."

"மணி என்ன இருக்கும்?"

"பதினொன்னரை."

சின்னவள் முதல் தடவையாக நிமிர்ந்தாள். "பதினொன்னரைக்குத்தான் டாக்டர் வெளிய வந்தாருக்கா. கட்டி நாங்க நினைச்சதைவிட ஆழமா இருக்கு, ரத்தம் நிக்கல, இன்னும் கொஞ்சம் எடுக்கணும், வீட்டுக்காரர் எங்க, கையெழுத்து வேணும்னாரு. பெஞ்சுல நான்தான் இருந்தேன். நான்தான் போட்டேன்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"கண்ணு முழிச்சதும் நீ அவரைத்தானே கேட்ட? கதவுகிட்டயே இருந்தாரான்னு கேட்ட. வயித்துல அத்தனை தையலோட கிடக்குறவகிட்ட நான் என்னத்தைச் சொல்ல? ஆமான்னேன். அப்புறம் ஊரெல்லாம் நீ சொல்ல ஆரம்பிச்சுட்ட." சின்னவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "நனைஞ்சது என் கைக்குட்டைதான்க்கா."

ஒரு வருஷமாகச் சொன்ன கதையில் சின்னவளுக்குக் கைக்குட்டை கொடுக்கிற வேலைதான் கொடுத்திருந்தாள். அதை நினைத்ததும் கம்பி அக்காவுக்கு வாய் கசந்தது. எழுந்து போய்த் தங்கச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவரிடம் திரும்பினாள்.

பயந்து ஓடியது பெரிய குற்றம் இல்லை. பயம் யாருக்குத்தான் இல்லை? அவளும் பயந்துதான் போனாள். அதை மட்டும் அவர் சொல்லியிருந்தால் அழுது தீர்த்துவிட்டு மன்னித்திருப்பாள். ஆனால் இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அது அவள் தொழில் கேட்ட கேள்வி.

"அழுதா அது விழாது. எனக்குத் தெரியும், ஆனா தெரியாத மாதிரி இருந்துக்கிட்டேன். என் கம்பி மேல பழியைப் போட்டுக்கிட்டேன். இப்பச் சொல்லுங்க. ஆத்தங்கரையில எப்படி விழுந்துச்சு?"

இரண்டாவது தடவையாக மீட்டர் வாயை மூடியிருந்தது.

"சொல்லுங்க."

"வாளை ஒண்ணு கடிச்சுது," என்றார். குரல் தரையில் கிடந்தது. "பெருசு. கரை வரைக்கும் வந்துடுச்சு... எல்லாத்தையும் ஒரு நிமிஷம் மறந்துட்டேம்மா. கத்திட்டேன்."

"என்னன்னு?"

அதை அவர் சொல்லத் தேவை இல்லை. காலையில் அவள் காதாலேயே கேட்டாள். அங்கே அவள் வயிற்றைத் திறந்து போட்டு ரத்தத்தை நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே இவர் வாயைப் பிளந்து அந்த ராசாத்தியைக் கூப்பிட்டிருக்கிறார். பல் தண்ணீரில் விழ, அதைத் தேடிய தடுமாற்றத்தில் மீனும் போயிற்று. இன்று அகப்பட்டது அதே மீனா அதன் சொந்தக்காரனா என்பது ஆற்றுக்குத்தான் வெளிச்சம்.

அவள் அழவில்லை. வறுத்த மீனை எடுத்துப் பாத்திரத்தில் போட்டுச் சின்னவளிடம் கொடுத்து அனுப்பினாள். டம்ளரை மட்டும் யாரையும் தொடவிடவில்லை.

வீட்டை விட்டு அவள் போகவில்லை. அவரையும் போகச் சொல்லவில்லை. சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். மீட்டர் வழக்கம்போலச் சாயங்காலம் கிளினிக்குக்கு வந்து, அவளைக் கூட்டிக்கொண்டு போகப் பின் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தார். முன்பெல்லாம் அந்தப் பெஞ்சில் அவர் அளக்கிற கதைக்கு வருகிறவர் போகிறவரெல்லாம் சிரிப்பார்கள். இப்போது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை ஓர் அம்மாள் ப்ளேட் வாங்க வந்தார். இரண்டு முன்பல். மகள் மறுநாள் விமானம் ஏறி வெளிநாடு போகிறாளாம். கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏர்போர்ட்டுல நான் நிச்சயம் அழுவேன். அத்தனை பேர் முன்னாடி இது விழுந்து கிழுந்து தொலையாதே?"

அடுத்த மேசையில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்த உதவியாளர் காதைத் தீட்டிக்கொண்டார். மெடல் கதை வரப்போகிறது. வெளியே பெஞ்சு ஒரு தடவை கிறீச்சென்றது.

கம்பி அக்கா அந்த அம்மாளின் வாயில் விரலை வைத்துக் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

"தைரியமா அழுங்கம்மா. அழுதா விழாது. என் கம்பி இதுவரைக்கும் யார் அழுதும் விழுந்ததில்ல."

"பின்ன எதுக்குத்தான் விழும்?"

"சந்தோஷத்துல கத்தினா விழும்," என்றாள்.

அந்த அம்மாள் சிரித்தார். உதவியாளரும் சிரித்தார். வெளியே பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை.